குளிரில் நிற்கும் விமான இன்ஜினை வீட்டிலிருந்தே சூடேற்றுவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

ஒன்டாரியோ, மனிடோபா, மினசோட்டா பக்கம் இரண்டு, நான்கு இருக்கை விமானம் வைத்திருக்கும் வாசகர்களின் கடிதங்கள் குளிர்காலம் நெருங்கினால் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. விமான நிலையம் ஒரு மணி நேரத் தொலைவு. இன்ஜின் சூடாக ஐந்து மணி நேரம். காலை 8 மணிக்குப் பறக்க வேண்டுமென்றால் விடிகாலை 3 மணிக்கு யார் போய் ஹீட்டரைச் செருகுவது? அந்தக் கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். வெப்பநிலை எல்லாம் செல்சியஸ் கணக்கு.

கேள்வி: −20 டிகிரியிலும் என் கார் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பிவிடுகிறது. விமான இன்ஜினுக்கு மட்டும் ஏன் இத்தனை சடங்கு? – வாசகர், ஸ்கார்பரோ

பதில்: முதல் வித்தியாசம் ஆயில். இன்றைய கார்களில் ஊற்றுவது 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில்; −30 டிகிரியிலும் அது ஓடும். சிறு விமானங்களில் இருப்பது 15டபிள்யூ-50, 20டபிள்யூ-50, அல்லது தனித்தரமான எஸ்.ஏ.இ 50. இந்தக் கடைசி ஆயில் கடுங்குளிரில் உறைந்த நெய் மாதிரி டிப்ஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வரும். பம்ப் அதை உறிஞ்ச முடியாமல் திணறும் முதல் நிமிடத்தில் கேம்ஷாஃப்டும் பேரிங்குகளும் உலர்ந்தே சுழல்கின்றன.

இரண்டாவது, உலோகம் சுருங்கும் கணக்கு. சிறு விமானங்களில் பரவலாக உள்ள லைகாமிங் ஓ-320 இன்ஜினில், மெயின் பேரிங் இருக்குமிடத்தில், புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டின் விட்டம் ஏறத்தாழ 60 மி.மீ. வெப்பநிலை +20இலிருந்து −20க்கு இறங்கினால், இன்ஜினின் அலுமினிய உடலான கிராங்க்கேஸின் துளை 0.055 மி.மீ. சுருங்கும். உள்ளே இருக்கும் எஃகு ஷாஃப்ட் 0.029 மி.மீ. மட்டுமே சுருங்கும். ஆக 0.026 மி.மீ. இடைவெளி காணாமல் போகிறது. அந்த இடத்தில் இருக்கும் மொத்த இடைவெளியே மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குகள்தான். கெட்டியான ஆயில், நெருங்கிவிட்ட பேரிங் இரண்டும் ஒரே நேரத்தில் வருவதுதான் ஆபத்து.

பிஸ்டனுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். ஸ்டார்ட் ஆனதும் அலுமினிய பிஸ்டன் சட்டென்று சூடாகி விரியும். வெளியே குளிர்காற்றில் நிற்கும் எஃகு சிலிண்டர் அதே வேகத்தில் விரியாது. சிலிண்டர் சுவரில் உராய்ந்த கோடுகள் விழுவது அப்படித்தான்.

இன்ஜின் தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லைகள்: லைகாமிங்கின் பெரும்பாலான மாடல்களுக்கு −12 டிகிரிக்குக் கீழே போனால் முன்சூடு கட்டாயம், ஓ-320-எச் போன்ற 76 வரிசை இன்ஜின்களுக்கு அது −7. கான்டினென்டல் இன்ஜின் −7க்குக் கீழே இரண்டு மணி நேரம் நின்றிருந்தாலே முன்சூடு வேண்டும். இவை கட்டாய எல்லைகள் மட்டுமே. உறைநிலைக்குக் கீழே எப்போதும் சூடேற்றிவிட்டுக் கிளப்புவதே எங்கள் பரிந்துரை. காலையில் வெயில் வந்து வெளிக்காற்று −3க்கு ஏறிவிட்டது என்று ஏமாறவும் வேண்டாம். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இன்ஜின் இரவின் குளிரை மதியம் வரை உள்ளே வைத்திருக்கும்.

கேள்வி: செலவைக் குறைக்க ஆயில் தேங்கும் அடித்தொட்டியில் (சம்ப்) 250 வாட் சூடேற்றும் பேட் ஒன்று மட்டும் ஒட்டலாமா? – வாசகர், ஒஷாவா

பதில்: ஒட்டலாம். ஆனால் முதல் செலவு பேடுக்கு அல்ல, போர்வைக்கு. கணக்கைப் பாருங்கள். ஓ-320 அளவு இன்ஜின் சுமார் 115 கிலோ, ஆயில் 7.5 லிட்டர். இவற்றை −20இலிருந்து +20க்கு ஏற்றத் தேவைப்படும் வெப்பம் ஏறக்குறைய 1 யூனிட் மின்சாரம்தான். ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டால் 250 வாட் பேட் அதை நான்கு மணி நேரத்தில் தந்துவிடும். இன்ஜினை மூடியிருக்கும் கவுலிங்கின் முன்துளைகளைத் திறந்து வைத்து, காற்றும் வீசினால் நாள் முழுக்கக் கொடுத்தாலும் அங்கே போய்ச் சேராது.

எனவே வரிசை இதுதான். முன்துளைகளுக்கு நுரை அடைப்பான்கள். கவுலிங் மேல் தடித்த குளிர் உறை. தைத்த உறை வாங்க முடியாவிட்டால் வீடு மாறும்போது சாமான்களைச் சுற்றும் பஞ்சு வைத்த கம்பளிகள் இரண்டை எலாஸ்டிக் கயிற்றால் கட்டலாம். கீழே காற்று வெளியேறும் வாயையும் அடைக்க வேண்டும்; பலர் மறப்பது இதை. அப்புறம் புரொப்பெல்லர். உலோகப் புரொப்பெல்லர் கிராங்க்ஷாஃப்டோடு நேராகப் பூட்டப்பட்ட பெரிய வெப்பத் துடுப்பு மாதிரி. உள்ளே ஏற்றும் வெப்பத்தை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கும் உறை போட்டால் பலன் கண்கூடாகத் தெரியும். ஒவ்வொரு அடைப்பிலும் சிவப்பு நாடா தொங்கட்டும், கழற்ற மறக்காமலிருக்க.

சம்ப் பேட் மட்டும் என்றால் ஆயில் சூடாகும், மேலே சிலிண்டர்கள் வெகுநேரம் பின்தங்கும். சிலிண்டர் அடியில் சுற்றும் 50 முதல் 100 வாட் வளையங்களைப் பின்னால் சேர்த்துக்கொள்வது நல்லது. ரீஃப், டேனிஸ் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் சான்றிதழோடு விற்கின்றன. டேனிஸ் முறையில் சிலிண்டர் தலையில் வெப்பநிலை அளவி நுழையும் துளையிலேயே ஹீட்டர் போகும்.

பேட் ஒட்டும்போது கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: அடியில் காற்றுக் குமிழி. குமிழி இருக்கும் இடத்தில் வெப்பம் உலோகத்துக்குப் போகாமல் பேடிலேயே தேங்கி அந்த இடம் கருகும். சம்ப்பின் தட்டையான பகுதியை, டிரெயின் பிளக்கும் விளிம்பு மேடுகளும் படாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். பெயின்டைத் தேய்த்து எடுத்து, அசிட்டோனால் இரண்டு முறை துடைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி உருளையால் அழுத்துங்கள். ஓரத்தைச் சுற்றி அதிக வெப்பம் தாங்கும் சிலிகான் பூசி 24 மணி நேரம் விட்ட பிறகே மின்சாரம் கொடுக்கலாம். வயர், எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகே போகக் கூடாது. சான்றிதழ் பெற்ற விமானமாக இருந்தால் கார் கடையில் கிடைக்கும் மலிவு பேடை நீங்களாக ஒட்டாதீர்கள். அங்கீகாரமுள்ள பேடை வாங்கி, உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் கையெழுத்தோடு லாக் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

கேள்வி: ஹாங்கரில் மின்சாரம் உண்டு, வைஃபை கிடையாது. வீட்டிலிருந்து போனில் ஹீட்டரைப் போட மலிவான வழி என்ன? பட்டியலோடு சொல்லுங்கள். – வாசகர், வினிபெக்

பதில்: முதலில் ஒரு கேள்வி. ஒவ்வொரு சனிக்கிழமையும் தவறாமல் பறப்பவரா நீங்கள்? அப்படியானால் இணையமே தேவையில்லை. வாரநாள் குறிக்கும் டிஜிட்டல் டைமர் ஒன்று. அதோடு தெர்மோகியூப் போன்ற வெப்பநிலைப் பிளக் ஒன்று. அந்தப் பிளக்கின் ஒரு வகை 2 டிகிரிக்குக் கீழே போனால் தானாக இணைத்து, 7 டிகிரியில் துண்டித்துவிடும். இரண்டையும் தொடராகச் செருகினால் சனிக்கிழமை விடிகாலை 2 மணிக்கு, குளிர் இருந்தால் மட்டும் ஹீட்டர் எரியும். கெட்டுப்போக இதில் அதிகம் ஒன்றும் இல்லை.

வானிலை பார்த்துப் பறப்பவருக்குத் தேவையானவை: திறந்தவெளிக்கு ஏற்ற, 15 ஆம்பியர் தாங்கும், வாட் அளவு காட்டும் ஸ்மார்ட் பிளக், சிம் போடும் எல்.டி.இ (4ஜி) ரூட்டர், மலிவான டேட்டா சிம், தெர்மோகோல் ஐஸ்பெட்டி, சாதாரண டைமர் ஒன்று, தடித்த 12 கேஜ் எக்ஸ்டென்ஷன் வயர். பிளக்கிலும் வயரிலும் சி.எஸ்.ஏ அல்லது யு.எல் பாதுகாப்புச் சான்று முத்திரை இருக்க வேண்டும். தீ விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

ரூட்டர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பையில் போட்டுக்கொண்டு போகும் பேட்டரி ஹாட்ஸ்பாட் வேண்டாம். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி பாழாகும். குளிர்காலம் முழுக்கச் செருகி வைப்பதற்கு அது பொருந்தாது. பேட்டரி இல்லாத, நேராக மின்சாரத்தில் ஓடும் ரூட்டராகப் பாருங்கள். அதை ஐஸ்பெட்டிக்குள் வைத்தால் அது எடுத்துக்கொள்ளும் 5 – 10 வாட்டே பெட்டிக்குள் குளிரைத் தணித்து வைக்கும்.

எல்லாவற்றையும் முதலில் வீட்டு மேசையில் இணைத்துப் பாருங்கள். பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ரூட்டரில் அதைத் தனிப் பெயரில் திறந்து வையுங்கள். ஹீட்டர் இடத்தில் ஒரு மேசை விளக்கைச் செருகி, வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, போனின் டேட்டாவில் விளக்கு எரிகிறதா என்று சோதியுங்கள். பிளக்கின் அமைப்பில் இரண்டை மாற்ற வேண்டும். மின்தடை வந்து போனால் பிளக் ‘ஆஃப்’ நிலையில் எழ வேண்டும். ‘ஆன்’ ஆன 8 மணி நேரத்தில் தானாக அணைய வேண்டும். பயணத்தை ரத்து செய்த நாளில் அணைக்க மறந்தாலும் அது உங்களைக் காக்கும்.

ரூட்டர்கள் சில வாரங்களில் மலைத்து நிற்கும். நீங்கள் வீட்டில் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிச் செருகுவீர்கள். ஹாங்கரில் அதைச் செய்வது அந்தச் சாதாரண டைமர். தினமும் மதியம் 15 நிமிடம் ரூட்டருக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்தும்படி வைத்து, டைமரையும் ஐஸ்பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 30 மீட்டர் நீளமுள்ள மெல்லிய 16 கேஜ் வயரில் 12 ஆம்பியர் ஓடினால் 9 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே இறங்கி, 110 வாட்டுக்கு மேல் வயரைச் சூடாக்கும். அதே நீளத்தில் 12 கேஜ் வயர் 4 வோல்ட்டுக்கும் குறைவாகவே இழக்கும். 500 வாட் பேடுக்கு 4 ஆம்பியர்தான் என்றாலும், நாளை பக்கத்தில் இன்னொரு ஹீட்டரைச் செருகப்போவது உறுதி. சுருட்டியபடி விட்டால் எந்த வயரும் சூடாகும். முழுதாக விரித்துப் போடுங்கள்.

கேள்வி: பழைய எஸ்.எம்.எஸ் ஸ்விட்ச் ஒன்று மலிவாகக் கிடைத்தது. சிம் போட்டும் வேலை செய்யவில்லை. – வாசகர், மினியாபொலிஸ்

பதில்: உங்கள் ஸ்விட்ச் 2ஜி அல்லது 3ஜி மோடம் கொண்டதாக இருக்கும். அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி 2017 தொடக்கத்தில் 2ஜியையும், 2022 பிப்ரவரியில் 3ஜியையும் நிறுத்தியது. வெரிசான் 2022 இறுதியில் 3ஜியை முடித்துக்கொண்டது. அந்த நிறுவனங்களின் சிம் போட்டால் அது இனி எழாது. புதிதாக வாங்கும்போது எல்.டி.இ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. உங்கள் நிறுவனத்தின் அலைவரிசைகள் அதில் உண்டா என்று பாருங்கள். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் செய்த மலிவு மோடம்கள் பல வட அமெரிக்காவில் பாதி வேலைதான் செய்யும்.

கேள்வி: போன் ‘ஆன்’ என்று காட்டியது. போய்ப் பார்த்தால் இன்ஜின் பனிக்கட்டி. என்ன நடந்திருக்கும்? – வாசகர், பீட்டர்பரோ

பதில்: தொலைவிலிருந்து சூடேற்றுவதில் மிக முக்கியமான கேள்வி இது. ‘ஆன்’ என்பது பிளக்குக்குள் இருக்கும் ஸ்விட்சான ரிலே மூடிய செய்தி மட்டுமே. வெப்பம் வந்த செய்தி அல்ல. வழியில் அறுந்துபோக எத்தனையோ இடம் உண்டு. பனி உருகி ஈரம் புகுந்து, மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ பாதுகாப்பு சாக்கெட் துண்டித்திருக்கலாம். உறையைச் சரிசெய்யும்போது பிளக் கழன்றிருக்கலாம். பக்கத்து விமானக்காரர் தன் சார்ஜரைச் செருக உங்களுடையதைப் பிடுங்கியிருக்கலாம்.

இதற்காகத்தான் வாட் காட்டும் பிளக் என்றோம். சாதாரணப் பிளக்கைவிடச் சில டாலர்தான் கூடுதல். பேட் 250, நான்கு வளையங்கள் தலா 50, மொத்தம் 450 வாட் என்று ஒருமுறை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆன் செய்த ஒரு நிமிடத்தில் 450க்குப் பக்கத்தில் காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம். 0 என்றால் இணைப்பு அறுந்திருக்கிறது. 400 என்றால் ஒரு வளையம் போய்விட்டது. 200 என்றால் பேட் போய்விட்டது. அன்றைக்குப் பறக்கும் திட்டத்தைத் தள்ளிவையுங்கள். ஜி.எஃப்.சி.ஐ சாக்கெட்டுக்கு அப்பால்தான் ரூட்டரும் இருக்கிறது என்றால், அது துண்டித்தால் பிளக் ‘தொடர்பில் இல்லை’ என்று போனில் வரும். அதுவும் ஒரு பயனுள்ள செய்திதான். அடிக்கடி துண்டிக்கிறது என்பதற்காக அந்தப் பாதுகாப்பைத் தவிர்த்து வேறு சாக்கெட்டுக்கு மாற்றாதீர்கள். இணைப்புகளைத் தரையிலிருந்து உயர்த்தி, நீர்புகாப் பெட்டியில் வைத்தால் துண்டிப்பு நிற்கும்.

சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர் இன்னும் ஒரு படி போகலாம். வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகையான ஈ.எஸ்.பி.32 போர்டு, டி.எஸ்.18பி20 நீர்புகா வெப்ப உணரி, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், இவ்வளவுதான் சாமான். உணரி −55 வரை அளக்கும். அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பேடுக்குப் பக்கத்தில் வைத்தால் அரை மணியில் 40 டிகிரி காட்டி ஏமாற்றும். ஹீட்டருக்கு எட்டத்தில், கிராங்க்கேஸின் மேற்பகுதியில் பிடிமானத்தோடு வைத்து, பஞ்சால் மூடி, அங்கே 10 டிகிரிக்கு மேல் காட்டினால் இன்ஜின் உள்வரை சூடாகியிருக்கிறது என்று நம்பலாம். உணரியும் வயரும் உறையோடு சேர்ந்து கழன்று வர வேண்டும். விமானத்தில் நிலையாகப் பொருத்தினால் அதற்கும் அங்கீகாரம் வேண்டும். இதே போர்டோடு விற்கும் சின்ன நீல ரிலேயில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஹீட்டரை அதில் ஓட்டாதீர்கள். மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் சுமைக்கு அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அணையாது. அளப்பதை போர்டு செய்யட்டும், ஸ்விட்ச் வேலையை முத்திரை பெற்ற பிளக் செய்யட்டும்.

கேள்வி: இத்தனை வேலை எதற்கு? நவம்பரில் செருகி மார்ச்சில் பிடுங்கினால் என்ன? – வாசகர், சட்பரி

பதில்: சம்ப் மட்டும் சூடாகும் அமைப்பில் அப்படிச் செய்வது இன்ஜினுக்குக் கேடு. ஆயிலில் எப்போதும் எரிதலில் வந்த நீர் கொஞ்சம் இருக்கும். அடியில் சூடு கொடுத்தால் அது ஆவியாகி மேலே போய், குளிர்ந்த பாகங்களில் வியர்த்துப் படியும். லைகாமிங்கில் கேம்ஷாஃப்ட் இருப்பது கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே, சரியாக அந்த ஈரம் படியும் இடத்தில். துருப் பிடித்த கேமும் அது தின்றுவிட்ட டேப்பெட்டும் இன்ஜினைப் பிரிக்கும் செலவில் கொண்டுபோய் விடும். கான்டினென்டல் ஓ-200இல் கேம்ஷாஃப்ட் கீழே இருப்பதால் அந்த பயம் குறைவு. இன்ஜின் முழுவதையும் சீராகச் சூடாக்கி, நல்ல உறையும் போட்டிருந்தால் ஈரம் படியக் குளிர்ந்த இடமே குறைவாக இருக்கும்; ஆனால் வாரக்கணக்கில் பறக்காமல் நிற்கும் விமானத்துக்கு அதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

மின்கட்டணத்தையும் பாருங்கள். 450 வாட் ஒரு மாதம் ஓடினால் 324 யூனிட். யூனிட் 15 சென்ட் என்று வைத்தால் 48 டாலருக்கு மேல். மாதம் எட்டு முறை, தலா 5 மணி நேரம் என்றால் 18 யூனிட், 3 டாலருக்கும் குறைவு.

கேள்வி: என் விமானம் மின்சாரமே இல்லாத திறந்தவெளியில் நிற்கிறது. டீசல் ஹீட்டரை போனில் இயக்கலாமா? – வாசகர், தண்டர் பே

பதில்: லாரி கேபினுக்கு விற்கும் 12 வோல்ட் டீசல் ஹீட்டரைத்தான் கேட்கிறீர்கள். ஆட்கள் அருகில் இருக்கும்போது நல்ல கருவி. ஆளில்லாமல் இயக்குவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். பெட்ரோல் ஒழுக வாய்ப்புள்ள கார்புரேட்டருக்குப் பக்கத்தில் தீ எரியும் கருவி அது.

நீங்கள் அங்கே நின்று இயக்கும்போதும் சில விதிகள் உண்டு. ஹீட்டர் தரையில், விமானத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, காற்று வரும் பக்கமாக இருக்கட்டும். அதன் புகைக்குழாய் எதிர்த்திசையில். துணி உலர்த்தியின் வெள்ளை வினைல் குழாய் உருகும். அலுமினியக் குழாய் வாங்குங்கள். சூடான காற்றைக் கவுலிங்கின் கீழ்வாயில் விட்டு, முன்துளைகளைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அது சிலிண்டர்களின் வழியே ஏறி வெளியேறும். குழாய் வாயை ஒரே இடத்தில் காட்டினால் ரப்பர் ஹோஸும் வயரும் வெந்துவிடும். தொட்டால் தலைகள் சூடாக இருக்கும், ஆனால் சம்ப் ஆயிலும் ஆயில் கூலரும் இன்னும் உறைந்தே இருக்கும். ஒரு மணி நேரமாவது கொடுங்கள். தனி பேட்டரியில் ஓட்டுங்கள், விமான பேட்டரியில் வேண்டாம். மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்து அணைக்கவே கூடாது. விசிறி சில நிமிடம் ஓடி எரியறையைக் குளிர்வித்த பிறகுதான் அது தானாக நிற்கும். இடையில் துண்டித்தால் உள்ளே வெப்பம் தேங்கிக் கருவி பாழாகும். ஸ்மார்ட் பிளக், ரிலே வழிகள் இதற்குப் பொருந்தாததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: கவுலிங்குக்குள் அறை ஹீட்டர் வைத்து ஸ்மார்ட் பிளக்கில் போடலாமா? – வாசகர், ஹாமில்டன்

பதில்: கூடாது. சிவந்து எரியும் கம்பி, விசிறி நின்றால் உருகும் பிளாஸ்டிக், பெட்ரோல் ஆவி மூன்றும் ஒரே பெட்டிக்குள். அறை ஹீட்டர்களின் கையேடுகளும் ஆளில்லாத இடத்தில் வைக்காதே என்றே சொல்கின்றன.

கேள்வி: போய்ச் சேர்ந்த பிறகு, இன்ஜின் தயார் என்று எப்படி உறுதி செய்வது? – வாசகர், கால்கரி

பதில்: டிப்ஸ்டிக்கை எடுத்துச் சாய்த்தால் ஆயில் சொட்டாக ஓட வேண்டும். புரொப்பெல்லர் நடுவிலுள்ள கூம்பான ஸ்பின்னருக்குப் பின்னால் கையை வைத்தால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும். கிராங்க்ஷாஃப்ட் வரை வெப்பம் போயிருக்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. கிராங்க்கேஸின் ஆவி வெளியேறும் பிரீதர் குழாயின் வாயில் பனிக்கட்டி அடைத்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அது அடைத்திருந்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி முன் ஆயில் சீல் பிதுங்கி, பறக்கும்போதே ஆயில் முழுக்க வெளியேறலாம்.

வயரைப் பிடுங்கி, உறை, அடைப்பான் எல்லாவற்றையும் எண்ணி எடுத்து வைத்துவிட்டுக் கிளப்புங்கள். கிளப்புமுன் பெட்ரோல் செலுத்தும் பிரைமரை அளவோடு அடியுங்கள். குளிரில் அதிகமாக அடித்த பெட்ரோல்தான் கார்புரேட்டர் தீக்குக் காரணம். ஓரிரு முறை வெடித்து நின்றுவிட்டு, பிறகு எழவே மறுத்தால் ஸ்பார்க் பிளக் முனையில் எரிதலின் நீர் உறைந்திருக்கிறது; ஸ்டார்ட்டரை மேலும் மேலும் அழுத்தி பேட்டரியைக் கொல்லாமல் மறுபடி சூடு கொடுங்கள். எழுந்ததும் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குப் பக்கத்தில் வைத்து ஆயில் அழுத்தத்தைப் பாருங்கள். 30 விநாடியில் முள் அசையாவிட்டால் அணைத்துவிட்டு, எங்கே குளிர் மிச்சமிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது ஆயில் கூலரிலும் அதற்குப் போகும் ஹோஸிலும் இருக்கும். எந்தப் பேடும் வளையமும் அந்த இடத்தை நேராகத் தொடுவதில்லை.